கவிழ்த்த சட்டி ஒப்பந்தம்

ஜனவரி 9, வியாழன்

இந்த டைரி டெல்லியிலிருந்து விமானத்தில் வந்தது. என் அக்கா மகள் ஜெனோவா தன் கையால் கொடுத்தாள். தோல் அட்டை, சிவப்புப் பட்டு நாடா, முதல் பக்கத்தில் அவள் ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகத்தின் முத்திரை. "தோணுறதையெல்லாம் எழுதுங்க மாமா, நான் படிக்க மாட்டேன்" என்றாள். இப்படி ஒரு டைரி சிப்பித்துறையில் வேறு யாரிடமும் கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருக்காது. கலெக்டரிடம் இருக்கலாம்.

பிற்காலத்தில் யாராவது இதை அச்சில் போட்டால் என்னைப் பற்றித் தெரிய வேண்டுமே. பெயர் கஸ்பார். துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகுகளுக்கு ஏற்றுகிற தொழில். என் ஐஸ் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து ஒரு மீன் ஜப்பானுக்குப் போகாது. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பத்தாவது பரீட்சை அன்றைக்குப் பெரும் புயல். அந்த வருஷம் புயலே அடிக்கவில்லை என்று என் மனைவி பிலோமி சொல்லுவாள். அவள் அப்போது வேறு ஊரில் இருந்தவள், அவளுக்கென்ன தெரியும்.

ஜெனோவா இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறாள். அவள் ஆராய்ச்சியின் தலைப்பு, சர்வதேச உறவுகளில் கருத்துகளின் பங்கு. இந்தத் தலைப்பை மூன்று முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். "அப்படின்னா என்னம்மா?" என்று பிலோமி கேட்டாள். எனக்குத் தெரியும், அவளுக்காக ஜெனோவாவைச் சொல்லவிட்டேன்.

"ரெண்டு நாடு எப்பிடிப் பழகுதுங்கிறதைப் பீரங்கியும் பணமும்தான் முடிவு பண்ணுதுன்னு ஒரு கட்சி, அத்தை. அது மட்டும் இல்ல, மனுசங்க மனசுல இருக்கிற நெனப்பும் முடிவு பண்ணுதுன்னு நான் சொல்றேன். ஒரு நெனப்பு வழக்கமா மாறி, வழக்கம் சட்டத்துக்கு முன்னாடி போய் நிக்கும்."

"இதைத்தான நான் முப்பது வருஷமா ஐஸ் கொட்டாயில சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"முப்பது வருஷமா நீங்க சொல்றது வேற" என்றாள் பிலோமி.

ஜனவரி 11, சனி

ஜெனோவா இங்கே வந்ததன் காரணம் நம் ஊர்ச் சட்டி. வெளியூர்க்காரர்களுக்கு விளக்குகிறேன்.

நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கடலில் ஒரு எல்லைக் கோடு. கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் நின்றுபோன படகை நீரோட்டம் அதற்கு அப்பால் இழுத்துப் போய்விடும். முன்பெல்லாம் அந்தப் பக்கத்து மீனவர்கள் அதைப் பார்த்தால், மீன் அள்ள வந்தவன் என்று நினைத்துச் சுற்றி வளைப்பார்கள். நம் பக்கம் அவர்கள் படகு வந்தாலும் இதே கதைதான். இந்தப் பன்னிரண்டு வருஷமாக அப்படி இல்லை. எஞ்சின் நின்ற படகு சோறாக்குகிற அலுமினியச் சட்டியைக் கம்பத்தின் உச்சியில் கவிழ்த்துக் கட்டும். சட்டி கவிழ்ந்திருந்தால் அடுப்பு எரியவில்லை, தொழில் நடக்கவில்லை, ஆள் கஷ்டத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். பார்த்த படகு கயிறு போட்டுக் கோடுவரை இழுத்து வந்து அவிழ்த்துவிடும். கேள்வி கிடையாது. எந்த அரசாங்கமும் இதில் கையெழுத்துப் போடவில்லை.

"இதை யாரு ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கணும் மாமா. அதுதான் என் புத்தகத்துக்கே உயிர்" என்றாள்.

நான் தொண்டையைச் செருமினேன். மீசையை ஒதுக்கினேன். வாயைத் திறந்தேன்.

"கரையில எல்லாரும் சலேத்து மாமா பேரைத்தான் சொல்றாங்க. கச்சத்தீவுத் திருவிழாவுல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் பேசி முடிச்சாங்களாமே. திங்கக்கிழமை அவரைப் பார்க்கணும்."

வாயை மூடிக்கொண்டேன்.

சலேத்து மாமாவாம்! சலேத்து என் சகலை. பிலோமியின் அக்கா ரெஜினாவைக் கட்டியவன். என்னைவிட நாலு வயது இளையவன், ஆனால் மூத்தவளைக் கட்டிவிட்டான். அதனால் மாமியார் வீட்டில் முதல் இலை அவனுக்கு, கல்யாணப் போட்டோவில் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு, மீன் தலை அவனுக்கு. நான் வாலைத் தின்று முப்பது வருஷம் ஆகிறது. இப்போது என் அக்கா மகளுக்கும் மாமாவா? இவள் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தது நான். வலி தாங்காமல் என் கையைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. சகலை கையில் என்ன தழும்பு இருக்கிறது?

ஜனவரி 12, ஞாயிறு

பூசைக்குப் போனோம். சகலை பட்டு வேட்டியில் வந்திருந்தான். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்குப் பட்டு வேட்டி என்று சேசுவுக்கே தெரியாது.

ஜனவரி 13, திங்கள்

ஜெனோவாவைச் சகலை வீட்டுக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். மருமகளைத் தனியாக விட முடியாது, பாருங்கள்.

வாசலிலேயே அவன் ஆரம்பித்துவிட்டான். "வாங்க சகல, வாம்மா. சகல, இந்த நாற்காலி வேணாம், ஆடும். உங்க உடம்புக்கு அந்தத் தூணோரம் உக்காருங்க." எனக்குத் தூணோரம், அவளுக்கு எதிரே அவன்.

ஜெனோவா கேட்டாள், "தீவுல அன்னிக்கு என்ன பேசினீங்க மாமா?"

சகலை தரையைப் பார்த்தான். "பேசுனோம்மா. எல்லாரும்தான் பேசுனோம். நம்மாளுக இருந்தாக, அந்தப் பக்கத்தாளுக இருந்தாக. யாரு முதல்ல சொன்னாகன்னு..." என்று இழுத்தான். அடக்கமாம். அவள் அதை அடக்கம் என்றே எழுதிக்கொண்டாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ரெஜினா அண்ணி குழம்பை இறக்கி மேசையில் வைத்தாள். சூடான சட்டிக்கு அடியில் தோல் அட்டை, சிவப்பு நாடா, முத்திரை போட்ட ஒரு டைரி. ஜெனோவா அவனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள். அவன் அதன்மேல் மீன்குழம்பு வைக்கிறான்.

மீன் தலை அவன் தட்டுக்குப் போனது. வரும்போது பைக்கை வேகமாக ஓட்டினேன். காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று என்னைப் பேட்டி எடுத்தாள். இரண்டு மணி நேரம். நான் சொன்ன கதையைக் கேட்டு அவள் ஒலிப்பதிவு இயந்திரமே சூடாகிவிட்டது. கடலில் மூன்று ஆள் உயர அலை, இரண்டு பக்கமும் ஐந்நூறு படகு, நடுவில் நான்.

"மாமா, நீங்க அன்னிக்குத் தீவுல எறங்குனீங்களா?"

"எறங்கினேன்னு சொல்லலாம்."

"எறங்குனீங்களா?"

"படகுக்குக் காவல் வேணும்ல. அதுவும் ஒரு பொறுப்புத்தான."

அவள் பதிவை நிறுத்திவிட்டு, "காபி குடிக்கலாமா மாமா?" என்றாள்.

டைரி, உன்னிடம் மட்டும் சொல்லுகிறேன். அன்றைக்கு எனக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை. ஐஸ் தொழில்காரனுக்குக் கடல் பழக்கம் வேண்டும் என்று சட்டமா? படகு தீவோரம் நங்கூரம் போட்டதும் எல்லோரும் இறங்கிப் பூசைக்குப் போனார்கள். நான் தார்ப்பாய்க்கு அடியில் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சமையல்காரன் சோற்றுச் சட்டியைக் கழுவி, காய்வதற்காகக் கம்பத்தில் கவிழ்த்து மாட்டிவிட்டு அவனும் போய்விட்டான். அன்று பகல் முழுக்க நான் பார்த்தது அந்தச் சட்டி ஒன்றைத்தான். இடது பக்கம் பிறை மாதிரி ஒரு பள்ளம். படகு ஆடும், சட்டி ஆடும், எனக்குக் குடல் ஆடும். அதைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும் என்று தோன்றியது.

திரும்பி வந்த மறுநாள் ஐஸ் கொட்டாயில் கூட்டம். சகலை இலங்கைச் சோப்பும் தேங்காயெண்ணெயும் ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்துச் சாமியார் அவனோடு உட்கார்ந்து பேசினாராம். எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். ஒருத்தன் என்னிடம் திரும்பி, "கஸ்பாரண்ணே, நீங்க என்ன கொண்டாந்தீக?" என்று கேட்டுச் சிரித்தான்.

"சோப்பு கொண்டாரதுக்கா நான் போனேன்? ஒப்பந்தம் கொண்டாந்திருக்கேன்டா" என்றேன். அப்புறம் சட்டி கதையைச் சொன்னேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கை கொடுத்து முடித்தார்கள் என்று சொன்னேன். பெரியவர்கள் என்று நான் சொன்னது என்னை மனதில் வைத்து. அந்தப் பயல்கள் அதைச் சலேத்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது பொய் என்று யாரும் நினைக்கக் கூடாது. நடந்ததுதான். நான் சொன்னபோது மட்டும் இன்னும் நடந்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் எஞ்சின் நின்ற படகு ஒன்று சட்டியைக் கட்டியது. அந்தப் பக்கத்துப் படகோடு வயர்லெஸ்ஸில் கத்தி, "எங்க பெரியாளுக பேசியிருக்காக, ஒங்க பெரியாளுகளும் ஒத்துக்கிட்டாக" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் தன் பக்கத்துப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிக் கயிறு போட்டிருக்கிறான். முடிந்தது. நான் கவர்னராகியிருக்க வேண்டியவன்.

ஜனவரி 28, செவ்வாய்

டெல்லிப் புரொபசர் போன் திரையில் வந்தார். வழுக்கை. பின்னால் ஐயாயிரம் புத்தகம். ஜெனோவா எழுந்து நின்று பேசுகிறாள். "எஸ் சார், எஸ் சார்." என்னிடம் பேசும்போது ஒரு நாளாவது எழுந்து நின்றாளா? நான் பின்னாலிருந்து கையசைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

பேசி முடித்ததும் முகம் வாடிவிட்டது. "பேசி முடிச்சதுக்குச் சாட்சி இல்லைன்னா இதெல்லாம் சும்மா பயம்தான், கடலுக்குள்ள யாரும் வம்புக்குப் போறதில்ல, அவ்வளவுதான்னு பரீட்சகர்கள் தள்ளிடுவாங்களாம் மாமா."

"நான் வந்து பேசட்டுமா?"

"வேணாம் மாமா."

சாயங்காலம் வாளை மீனைப் பிலோமி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெனோவா பூனையை விரட்டியபடி சொன்னது மண்டையில் நிற்கிறது. "அது உண்மையா பொய்யாங்கிறது இல்ல அத்தை. அந்தப் பக்கம் நம்புறான்னு இந்தப் பக்கம் நம்புறான். இந்தப் பக்கம் நம்புறான்னு அந்தப் பக்கம். அந்த நம்பிக்கைதான் கயிறு. ஒரு பக்கம் 'அப்படி ஒண்ணும் நடக்கலையாம்'னு தெரிஞ்சா ரெண்டு பக்கமும் விட்டுரும்."

எனக்கு வாளை மீன் ருசிக்கவில்லை. புளி அதிகம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சகலையை ஜெனோவா படம் எடுத்தாள், கையில் சட்டியோடு. அது எங்கள் வீட்டுச் சட்டி. இரவல்.

பிப்ரவரி 12, புதன்

காலை பத்து மணிக்கு ரெஜினா அண்ணி அலறிக்கொண்டு ஐஸ் கொட்டாய்க்கு ஓடி வந்தாள். சகலையின் ஒரே மகன் ஜெர்சன் ஓட்டுகிற படகு எஞ்சின் பொசுங்கி, கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவனோடு நாலு பேர். கடைசியாக வயர்லெஸ்ஸில் கேட்ட வார்த்தை, "சட்டி கட்டியாச்சு." அதற்கப்புறம் பேட்டரியும் போய்விட்டது.

பத்து நாளாகத்தான் அந்தப் பக்கம் சண்டை. நம் பெரிய படகுகள் அவர்கள் வலையை அறுத்துவிட்டன என்று அங்கே கொதிக்கிறார்கள். இந்த நேரத்தில் சட்டியை எவன் மதிப்பான்?

ஜெட்டியில் சகலை நின்றான். பட்டு வேட்டிக்காரன் லுங்கியோடு, செருப்புக்கூட இல்லாமல். நான் அவன் பக்கத்தில் நின்றேன். ஐஸ் ஏற்ற வண்டி இரண்டு காத்திருந்தது, போகச் சொல்லிவிட்டேன்.

"சகல, சட்டியை மதிப்பாங்ஙளா?" என்றான்.

"மதிக்காம? கை கொடுத்த ஒப்பந்தம்ல."

"யாரு கை கொடுத்தது சகல?" அவன் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டான். "ஊரு என்னையச் சொல்லுது. நான் அன்னிக்குச் சோப்பு வாங்குற வரிசையில நின்னேன். பூசை முடிஞ்சு, சோப்பு வாங்கி, படகேறிட்டேன். எவன் பேசுனான்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. இப்ப எம்மவன் அது மேல தொங்குறான்."

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு படகு தெரிந்தது. நம் படகொன்று முன்னால் இழுக்க, பின்னால் ஜெர்சன் படகு. கோடுவரை இழுத்து வந்தது அந்தப் பக்கத்துப் படகாம், அங்கே நம் ஆட்களிடம் கயிற்றை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "வலை அறுந்த கோவம் வேற, சட்டி வேற" என்று சொன்னார்களாம். கம்பத்தின் உச்சியில் சட்டி வெயிலில் மின்னியது.

ஜெர்சன் ஜெட்டியில் குதித்ததும் சகலை அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. என் தோளைத்தான் பிடித்தான். பிடித்துக்கொண்டு அழுதான். "அதைப் பேசி முடிச்ச மகராசன் எவனோ, அவன் பிள்ளகுட்டியோட நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றான்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது அவனுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை போல.

பிப்ரவரி 13, வியாழன்

ஊரே சகலை வீட்டில். ஜெர்சனைக் காப்பாற்றியது அப்பன் போட்ட ஒப்பந்தம் என்று மாலை போடுகிறார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்கிறான், அதற்கும் அடக்கம் என்று பெயர். மகனும் அவனுக்கு, மாலையும் அவனுக்கு, புத்தகமும் அவனுக்கு. சட்டி யாருடையது?

இனி பொறுப்பதில்லை. இருபத்திரண்டாம் தேதி பங்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். அந்தப் பக்கத்து மீனவர் சங்கத்தார் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள். ஜெனோவா புரொபசருக்காகப் படம் பிடிக்கப்போகிறாள். எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொல்லப்போகிறேன். ஐயாமாரே, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, அந்தச் சட்டி இந்தக் கஸ்பாரின் மூளையில் பிறந்தது. வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு வைக்கும்படி பிலோமியிடம் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். அருமை. எனக்கே கைதட்டத் தோன்றியது.

பிப்ரவரி 22, சனி

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் சகலை. நான் மூன்றாவது வரிசை. ஜெனோவா காமிராவோடு ஓரத்தில்.

முதலில் வலைச் சண்டை, படகுச் சண்டை என்று போனது. பிறகு ஒரு அதிகாரி எழுந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். "சட்டி கட்டுன படகை இரண்டு பக்கமும் பிடிக்கக் கூடாதுன்னு இந்தக் கூட்டத் தீர்மானத்துல சேர்க்கலாம்னு இருக்கோம். மேல கேட்பாங்க. இது எப்ப, யாரு யாரு பேசி முடிச்சது?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். எமிலியாம்பிள்ளை என்று பெயர் சொன்னார். மன்னார்க்காரர். "நான் இருந்தனான். திருவிழா அண்டைக்குக் கோயிலடியிலதான் கதைச்சது. உங்கட பக்கத்து மனுசன் ஒராள் என்ர கையைப் பிடிச்சவர்."

நடக்காத பேச்சில் இந்தக் கிழவர் எப்படி இருந்தார்? நான் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த மாதிரி அங்கே ஒருத்தரும் பேசிப் பார்த்திருக்கிறார். என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு இணையான ஆளை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

"உங்க கையைப் பிடிச்சது யாருங்க ஐயா?" என்று அதிகாரி கேட்டார். கிழவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சகலையைப் பார்த்தது. "சலேத்தண்ணன்தான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

சகலை எழுந்தான். "ஐயா, எழுத்துல போடப்போறீங்க. பொய் சொல்லக்கூடாது. அன்னிக்கு நான் வந்து..." என்று நிறுத்தினான். கிழவரின் முகம் மாறியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்சன் சுவரோரம் நின்றிருந்தான், கயிறு இழுத்து இழுத்துக் கிழிந்த உள்ளங்கையில் கட்டோடு.

இதுதான் எனக்கு வாய்த்த நேரம். கஞ்சிச் சட்டை. காமிரா ஓடுகிறது. எழுந்தேன்.

"சகலைக்குக் கூச்சம் ஐயா, நான் சொல்றேன்" என்றேன். "நானும் அன்னிக்கு அந்தப் படகுலதான் போனேன். தீவுல எறங்கல. கடல் ஒத்துக்காம வாந்தி எடுத்துக்கிட்டு, தார்ப்பாய்க்குள்ள கவுந்து கெடந்தேன். பகல் பூரா எந்திரிக்கல. ஆனா தலையைத் தூக்கிப் பார்த்தப்ப கோயிலடியில எங்க சகலை இந்தப் பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ரெண்டு கண்ணால பார்த்தேன். அவருக்கு வாய் வராது, அதான் சொல்லமாட்டேங்கிறாரு."

மண்டபம் சிரித்தது. கடற்கரையில் பிறந்தவன் வாந்தி எடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். "மசக்கை!" என்று ஒரு குரல். அதற்கும் சிரிப்பு. எமிலியாம்பிள்ளை என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஓம், இவர் சொல்லுறது சரி. படகில ஒராள் படுத்துக் கிடந்தவர்தான். நானும் கண்டனான்" என்றார்.

அடேயப்பா.

அதிகாரி எழுதிக்கொண்டார். கிழவர் தடியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து சகலையின் கையைப் பிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சகலையின் கண் மட்டும் என் மேல் இருந்தது. நான் சட்டையில் கஞ்சி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஐஸ் கொட்டாயில் என் நாற்காலியின் மேல் எவனோ ஒரு மாங்காய் வைத்திருக்கிறான்.

மார்ச் 2, ஞாயிறு

ஜெனோவா கிளம்பினாள். பஸ் வரும்வரை நானும் அவளும். பெட்டியை நான்தான் தூக்கினேன், கனம் அறுபது கிலோ.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதைப் பதிவு பண்ணல. முதன்முதலா சட்டியைக் கவுத்து மாட்டினது யாரு?"

"சமையக்காரன்" என்றேன். "காயவைக்க."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் எத்தனை தெரிந்துகொண்டாளோ. பிறகு நடு ரோட்டில், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், குனிந்து என் காலைத் தொட்டாள். புரொபசருக்கு இப்படிச் செய்திருக்க மாட்டாள். எழுந்து மட்டும்தான் நிற்பாள்.

பஸ் போனதும் தூசி கண்ணில் விழுந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

ஜெனோவாவின் ஆராய்ச்சிப் புத்தகம் வந்தது. இங்கிலீஷ். தலையணை அளவு. ஜெர்சனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நாலாவது அத்தியாயம் முழுக்கச் சட்டி. சலேத்து என்ற பெயர் முப்பத்தோரு இடத்தில். முழுப் பக்கப் படம், எங்கள் வீட்டுச் சட்டியோடு. நன்றி என்ற பக்கத்தில் கடைசியில், 'கஸ்பார் மாமாவுக்கும் பிலோமி அத்தைக்கும், மீன்குழம்புக்காக.'

மீன்குழம்பை நான் வைக்கவேயில்லை. அந்த நன்றியும் பிலோமிக்குத்தான் சேரும்.

நவம்பர் 30, ஞாயிறு

சகலை வீட்டு விருந்து. டெல்லியில் ஏதோ கருத்தரங்கமாம், ஜெனோவாவும் புரொபசரும் சகலையைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். விமானச் சீட்டு வந்துவிட்டது. நான் விமானத்தைப் பற்றி அவனுக்குச் சில யோசனைகள் சொன்னேன். நான் ஏறியதில்லை என்று பிலோமி குறுக்கே பேசினாள்.

ரெஜினா அண்ணி பரிமாறினாள். சகலை சட்டியைத் தன் பக்கம் இழுத்து, விளமீன் தலையை எடுத்து, என் இலையில் வைத்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நான் சப்பிச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது பின்னால் வந்தான். "சகல, அந்தச் சட்டி எப்பிடி இருந்துச்சு?"

"எந்தச் சட்டி?"

"அங்க கேப்பாங்ஙள்ல. நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சது சோப்பு வரிசைதான். நீங்க சொல்லுங்க, நான் அப்பிடியே சொல்லிர்றேன்."

கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தேன். சொன்னேன். காற்று எந்தப் பக்கம், கோயில் மணி எத்தனை முறை, எமிலியாம்பிள்ளை கட்டியிருந்த சாரம் என்கிற லுங்கியின் நிறம், கை கொடுக்கும்போது அவர் உள்ளங்கையில் இருந்த சொரசொரப்பு. சகலை வாயைத் திறந்தபடி கேட்டான். இப்படி ஒரு ஆள் என் கதையைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது! "சட்டியில இடது பக்கம் ஒரு பள்ளம், பிறை மாதிரி. அதை மறந்திராதீங்க சகல, அதுதான் முக்கியம். அந்த ஒண்ணுதான்..." என்று நிறுத்திக்கொண்டேன்.

"இடது பக்கம்" என்றான் அவன், நல்ல பிள்ளையாக.

டிசம்பர் 10, புதன்

கருத்தரங்கத்தை ஜெர்சன் போனில் காட்டினான். மேடையில் சகலை, பட்டு வேட்டி. பக்கத்தில் ஜெனோவா, அவன் பேச்சை மொழிபெயர்க்கிறாள். புரொபசர் முன்வரிசையில், கன்னத்தில் கை. காற்று, மணி, சாரம், சொரசொரப்பு எல்லாம் சரியாக வந்தது. என் வார்த்தைகள் டெல்லியில் நடந்துகொண்டிருந்தன. வயிறு எரிந்தது, ஆனால் காது குளிர்ந்தது.

அப்போது சகலை கையை உயர்த்திக் காட்டினான். "சட்டியில வலது பக்கம் ஒரு பள்ளங்க."

"இடது பக்கம்! இடது பக்கம்யா!" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன். ஜெர்சன் திடுக்கிட்டான்.

பிலோமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீங்கதான் வாந்தியெடுத்துக் கவுந்து கெடந்தீகளே, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கெடந்தவனுக்குத்தான்டி தெரியும்" என்றேன்.